42இல் 41: ஓர் உண்மை தயாரான விதம்

1996 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து வினோனா என்ற சிற்றூரில், மரச்சாமான் கடையொன்றில் நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பர்மீது ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணை நடத்தினார். நான்கு முறை மரண தண்டனை. ஜூரித் தேர்வில் தன்னால் விலக்க முடிந்த 42 கறுப்பர்களில் 41 பேரைக் கழித்துக்கட்டினார்.

2018இல் 'இன் தி டார்க்' என்ற பாட்காஸ்ட், அவர் அலுவலகம் நடத்திய 225 விசாரணைகளின் ஜூரி ஆவணங்களைத் தோண்டியெடுத்து எண்ணியது: வெள்ளையரைவிடக் கறுப்பர் ஏறக்குறைய நாலரை மடங்கு விலக்கப்பட்டிருந்தனர். முக்கியமான சிறைச்சாட்சியும் தான் சொன்னது பொய் என்று அதில் ஒப்புக்கொண்டார். 2019இல் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2020இல் வழக்கே கைவிடப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 23 வருஷம் சிறையில் போச்சு.

இதை 'நீதிப்பிழை' என்கிறார்கள். 42இல் 41 என்பது கைத்தவறா? யார் உட்கார்ந்து கேட்பது என்பதை அதிகாரம் முடிவு செய்துவிட்டால், எது உண்மை என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.