விமானத்தில் பறிபோன தலைமை



அறுவடை முடிந்த நம் கள்ளக்குறிச்சி வயல்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைக் காண்கிறீர்கள். தோற்ற அணியின் தலைவனை மாற்றிவிட்டால், மட்டை அவனுடையதாயின் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பெரியவர்கள் மட்டும் வேறா? சபைக் கமிட்டியில் பொறுப்புப் போன மறுவாரமே ஆராதனைக்கு வருவதை நிறுத்தியவர்களை நான் அறிவேன்.

சென்னையில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் சீனிவாசராகவன் வெங்கடராகவன், 1965 முதல் 1983 வரை 57 டெஸ்ட் போட்டிகளில் 156 விக்கெட்டுகள் வீழ்த்தியவர். ஆயினும் அணித்தலைவராக அவருடைய கணக்கு மிக வறியது. தலைமை தாங்கிய ஐந்து டெஸ்ட் போட்டிகளில் ஒரு வெற்றியும் இல்லை. 1975, 1979 உலகக் கோப்பைகளில் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்து தோல்விகள். அவற்றுள் ஒன்று, டெஸ்ட் தகுதி அப்போது பெற்றிராத இலங்கையிடம்.

1979-இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் 438 ரன் இலக்கைத் துரத்திய அவருடைய அணி, 8 விக்கெட் இழப்புக்கு 429 எடுத்திருந்தபோது நேரம் முடிந்தது. ஒன்பதே ரன்கள்! கணக்கேட்டில் அதுவும் வெற்றியன்று. அந்த ஆட்டத்தில் 221 ரன் குவித்தவர் கவாஸ்கர். நாடு திரும்பும் விமானத்திலேயே, இனிக் கவாஸ்கரே அணித்தலைவர் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். வெங்கடராகவனும் அதே விமானத்தில், தம் வீரர்கள் நடுவே அமர்ந்திருந்தார். நேரில் அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே செப்டம்பரில், தம் சொந்த ஊரான சென்னையின் சேப்பாக்கத்தில், ஊரார் கண்முன், கவாஸ்கரின் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் பந்துவீசினார். நான்கு ஆண்டுகள் கழித்தும் இந்தியாவுக்காக ஆடினார்.

இதை வாசித்தபோது யோனத்தானை நினைத்தேன். அரசகுமாரனாகிய அவன் தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் தாவீதுக்குக் கொடுத்தான். ஒப்புமை முழுமையானதன்று, யோனத்தான் தானே கழற்றிக் கொடுத்தான், வெங்கடராகவனிடமிருந்தோ எடுக்கப்பட்டது. நம்மில் பலருக்கு நேர்வது இரண்டாவதே. எடுத்துக்கொண்டவரின் பக்கத்தில் நின்று மறுநாளும் அதே வேலையைச் செய்வது எவ்வளவு கசப்பு!

1993 முதல் 2004 வரை அவர் 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்றார். வெற்றியும் தோல்வியும் பிறருடையவையாக இருக்கும் பணி அது.

இவ்வாரத் தியானத்திற்கு 1 சாமுவேல் 18-ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களையும், 23-ஆம் அதிகாரத்தில் யோனத்தான் தாவீதைத் தேடிக் காட்டுக்குச் செல்லும் பகுதியையும் வாசியுங்கள்.