நான்கு சக்கரங்களும் உழைக்கும் வண்டி

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர், மலைக்குப் பின்புறம் மேற்குப் பக்கமாக வரும்போது அடி அண்ணாமலை என்னும் ஊரைக் கடக்கிறார்கள். பெரும்பாலோர் அங்குள்ள கோயிலைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று தரையைப் பாருங்கள். காலடியில் வழுவழுப்பான தார்ச்சாலை. ஒரு புறம் பாறையும் சரளையும் முட்புதரும் கலந்த சரிவு. மறுபுறம் செம்மண் கொல்லை, அதைத் தாண்டி நெல் வயல், அதற்கும் அப்பால் ஏரியின் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் களிமண் எப்படி இருக்கும் என்பதை உழவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரே ஊரில் இத்தனை வகைத் தரை! இத்தனையிலும் ஓடக்கூடிய வண்டி ஒன்றை வாங்க வேண்டுமானால் எதை வாங்குவீர்கள்? உர மூட்டையும் மருந்துத் தொட்டியும் சுமக்க வேண்டும். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு ஊர் சுற்றவும் உதவ வேண்டும். 'நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டதும் பணத்தை எடுத்து விடாதீர்கள். அந்த நான்கு சக்கரங்கள் வந்த கதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கதை. அதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும்.

நம் கட்டை வண்டியிலிருந்தே தொடங்குவோம். மாட்டு வண்டியில் சக்கரம் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவதுமில்லை, வெறுமனே உருளுகிறது. மண்ணைப் பற்றி உந்துவது மாட்டின் குளம்பு. இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வதால், திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்றிக்கொள்கின்றன. எவ்வளவு எளிய ஏற்பாடு! எஞ்சின் வந்தபோதுதான் சிக்கல் வந்தது. குளம்பு செய்த வேலையைச் சக்கரமே செய்ய வேண்டியதாயிற்று.

வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பற்றுமா என்ற ஐயம் ரயில் எஞ்சினின் தொடக்க காலத்திலேயே எழுந்தது. 1804இல் ரிச்சர்டு டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் ஓடிக் காட்டிய பிறகும் அந்த ஐயம் தீரவில்லை. 1812இல் ஜான் பிளெங்கின்சாப் என்பவர் தண்டவாளத்தில் பற்களை வைத்து, பற்சக்கரத்தால் எஞ்சினை ஏற்றினார். மறு ஆண்டு வில்லியம் ஹெட்லி, பற்கள் தேவையில்லை, சக்கரங்களை ஒன்றோடொன்று இணைத்து எல்லாவற்றையும் எஞ்சினே சுழற்றினால் போதும் என்று காட்டினார். எஞ்சினின் முழு எடையும் பிடிப்புக்குப் பயன்பட்டது. நான்கு சக்கர இயக்கத்தின் கருத்து இங்கேயே பிறந்துவிட்டது எனலாம். பல் வைத்த தண்டவாளமும் வீணாகவில்லை. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய நீலகிரி ரயில் இன்றும் பற்களைப் பிடித்துத்தான் மலையேறுகிறது. அங்கே 12 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம். உராய்வை மட்டும் நம்பி அதில் ஏற முடியாது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். உங்கள் வண்டியின் எடை 1000 கிலோ. முன்னச்சில் பாதி, பின்னச்சில் பாதி என்று கொள்வோம். ஈரக் களிமண்ணில் உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கினால் கிடைக்கும் உந்துவிசை 500-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ. சேற்றில் சக்கரம் உருளுவதற்கே எடையில் பத்தில் ஒரு பங்கு, அதே 100 கிலோ, செலவாகிவிடும். மீதி? ஒன்றுமில்லை. வண்டி நின்றுவிடும். எஞ்சின் 50 குதிரைத்திறன் ஆனாலும் 500 குதிரைத்திறன் ஆனாலும் நிலை இதுவே. நான்கு சக்கரங்களும் இயங்கினால் உந்துவிசை 200 கிலோ. உருளும் செலவு போக மீதி 100. அதை வைத்துக்கொண்டு பத்தடிக்கு ஓரடி ஏற்றத்தில்கூட ஏறிவிடலாம். ஆகவே சேற்றில் வெல்வது எஞ்சினின் வலிமை அன்று, பிடிப்புதான்.

அப்படியானால் முதல் மோட்டார் வண்டியிலேயே நான்கு சக்கரங்களையும் இயக்கியிருக்கலாமே? இரண்டு தடைகள் இருந்தன. திருப்பத்தில் உள், வெளிச் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்கான பல்சக்கர அமைப்பை, இன்று மெக்கானிக்குகள் 'டிபரென்ஷியல்' என்று அழைப்பதை, பிரான்சு நாட்டு பெக்கர் என்பவர் 1827லேயே காப்புரிமை செய்திருந்தார். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும்; கெட்டித் தரையில் நிற்கும் மற்றது சும்மா இருக்கும். மழைக்காலத்தில் வயலோரம் சிக்கிய காரில் ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது தடை இன்னும் கடினமானது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும், திரும்பிக்கொண்டே எஞ்சினின் சுழற்சியையும் வாங்க வேண்டும். வளையும் மூட்டு வழியாக விசையைக் கடத்துவது எப்படி?

இங்கிலாந்தில் பிரமா டிப்லாக் 1893இல் நீராவி இழுவை எஞ்சினுக்காக நான்கு சக்கர இயக்கத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1900ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரியாவில் இளம் பொறியியலாரான பெர்டினாண்டு போர்ஷே, மூட்டே வேண்டாமென்று நான்கு சக்கரக் குடங்களிலும் நான்கு மின்மோட்டார்களை வைத்து ஒரு காரைச் செய்தார். பேட்டரியின் சுமைதான் தாங்க முடியாததாயிற்று. (இன்றைய மின்கார்கள் அவர் வழிக்கே திரும்பி வருவது வேடிக்கை.) 1903இல் ஹாலந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் பெட்ரோல் எஞ்சினால் நான்கு சக்கரங்களும் ஓடும் காரைக் காட்டினார்கள்.

ஆனால் தொழிலாக வளர்த்தவர்கள் பட்டறைக்காரர்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் ஆட்டோ சாக்கோவ், வில்லியம் பெசர்டிக் என்ற மைத்துனர்கள் ஒரு பட்டறை நடத்தினார்கள். கார் ஒன்று மண்ணில் சிக்கியபோது, முன்னோக்கி வர மறுத்த அது பின்னோக்கி எளிதாக ஏறியதைக் கண்டு சாக்கோவ் சிந்திக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். திரும்பும் முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டுக்கு அவர் 1908இல் காப்புரிமை பெற்றார். அதே மாநிலத்துக் கெனோஷா நகரில் ஜெப்ரி நிறுவனம் 1913இல் ஒரு லாரியைக் கொண்டுவந்தது. நான்கு சக்கரங்களிலும் இயக்கம், நான்கிலும் பிரேக், நான்கிலும் திருப்பம்! அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'குவாடு'. இன்று சிறு நான்கு சக்கர வண்டிகளைக் குறிக்கும் அதே சொல்தான். முதல் உலகப்போரின் சேறு இவ்விரு நிறுவனங்களையும் வாழவைத்தது. 1920களின் பிற்பகுதியில் ஆல்பிரட் ரெசெப்பா, எவ்வளவு வளைந்தாலும் ஒரே சீராகச் சுழலும் மூட்டைக் கண்டுபிடித்த பின் இரண்டாவது தடையும் நீங்கியது.

அடுத்து வந்தது ஜீப். 1940இல் அமெரிக்க இராணுவம் கேட்ட மாதிரி வண்டியை பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் 49 நாள் கெடுவுக்குள் செய்து செப்டம்பர் 23 அன்று ஒப்படைத்தது. வடிவமைத்தவர் கார்ல் பிராப்ஸ்ட். பெருமளவில் செய்யும் வாய்ப்பு மட்டும் வில்லீஸ், போர்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டது. உழைத்தவன் ஒருவன், விளைச்சல் வேறொருவனுக்கு! போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. எஞ்சின் வெறும் 60 குதிரைத்திறன்தான். அதன் வெற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் கூடுதல் பல்சக்கரப் பெட்டியிலும், ஏறத்தாழ 1100 கிலோ என்ற குறைந்த எடையிலும் இருந்தது. கவிழ்ந்தால் சில வீரர்கள் சேர்ந்தே நிமிர்த்திவிடுவார்கள்.

நம் நாட்டுக்கு ஜீப்பைக் கொண்டுவந்த கதை சுவையானது. 1945இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து 'மகிந்திரா அண்டு முகமது' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நாடு பிரிந்ததும் குலாம் முகமது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. 1940களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கினார்கள். பின்னர் இங்கேயே செய்தார்கள். வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் ஊருக்குள் நுழைந்தால் சிறுவர்கள் பின்னால் ஓடிய காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் ஜீப் என்றாலே நான்கு சக்கரமும் இயங்கும் என்று எண்ணாதீர்கள். பின்சக்கரம் மட்டும் இயங்கும் ஜீப்புகளும் ஏராளமாக விற்றன. பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் குனிந்து முன்னச்சில் டிபரென்ஷியல் உருண்டை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே வண்டி உதவுமா என்று கேட்டால், மேற்கு மலைத்தொடரைக் காட்டலாம். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்பவை ஜீப்புகள். கொழுக்குமலையில் சூரிய உதயம் காணப் பயணிகளைக் குலுக்கிக் குலுக்கி ஏற்றுபவையும் ஜீப்புகள்தாம். வண்டி ஒன்றே, பயணிக்கு இன்பமான குலுக்கல் நாள்தோறும் போகும் தொழிலாளிக்கு இன்பமாக இராது என்பது வேறு செய்தி.

இனி 'குவாடு' எனப்படும் சிறு வண்டிக்கு வருவோம். 1970இல் ஹோண்டா நிறுவனம் பலூன் போன்ற தடித்த டயர்களுடன் மூன்று சக்கர வண்டியொன்றை விற்கத் தொடங்கியது. 1982இல் சுசுகி நான்கு சக்கர வண்டியையும், 1986இல் ஹோண்டா நான்கும் இயங்கும் வண்டியையும் கொண்டுவந்தன. மூன்று சக்கர வண்டிகள் பலரைக் கவிழ்த்துக் கொன்றதால் 1988இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை நின்றது.

இதன் உயிர் டயரில் இருக்கிறது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழ சமம். காரின் டயரில் சதுர செ.மீ.க்குச் சுமார் 2 கிலோ. குவாடு டயரில் 0.35 கிலோ அளவே. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 300 சதுர செ.மீ. பரப்புள்ள இரு பாதங்களில் நின்றால் 0.2 கிலோ. மனிதன் புதையாத மண்ணில் இவ்வண்டியும் பெரும்பாலும் புதையாது. சென்னை மெரினா மணலில் காவல்துறையினர் இத்தகைய வண்டிகளைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் சரிவில் இது பொல்லாத வண்டி. அகலம் குறைவு, ஓட்டுபவர் குதிரைமேல் அமர்வதுபோல உயரத்தில் அமர்கிறார். சக்கரங்களுக்கிடையே 90 செ.மீ. இருந்து, ஆளோடு சேர்த்துப் புவியீர்ப்பு மையம் 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், பக்கவாட்டில் சுமார் 31 பாகைச் சாய்வில் கவிழ்ந்துவிடும். இது நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும்போது ஒரு கல்லில் ஏறினாலே போதும். பின்னால் மருந்துத் தொட்டி பாதி நிரம்பியிருந்தால் நீர் தாழ்ந்த பக்கம் பாய்ந்து கவிழ்ப்பதற்குத் துணைபோகும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இவ்வகை வண்டிகளால் உயிரிழக்கிறார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் விற்கும் பொதுப் பயன்பாட்டுக்கான ஒவ்வொரு புதிய குவாடிலும், கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுக்காதபடி காக்கும் வளையம் இருக்க வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் சில, சந்தையை விட்டே விலகின. சட்டம் செய்தவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

அடி அண்ணாமலைக்குத் திரும்புவோம். நெல் வயலிலும் கொல்லையிலும்தான் முக்கிய வேலை என்றால், நான்கு சக்கரமும் இயங்கும் சிறு டிராக்டரே முதல் தேர்வு. அது உழும், இழுக்கும், பம்பையும் ஓட்டும். காப்பு வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். குடும்பமும் சுமையும் சேர்ந்து போக வேண்டுமானால் ஜீப் வகை. அதில் ஒரு எச்சரிக்கை: முன்னச்சைத் தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வண்டியில், தார்ச்சாலையில் அந்த இணைப்பைப் போடாதீர்கள். திருப்பத்தில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் போகின்றன. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க வழியில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கேறி உடையும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் இணைப்போடு சுற்றினால் அடுத்த பயணம் பட்டறைக்குத்தான். இன்னொன்று, நான்கு சக்கர இயக்கம் ஏறுவதற்கு உதவுமே தவிர, பிரேக் போட்டு நிற்பதற்கு உதவாது. எந்தக் காருக்கும் பிரேக் நான்கிலும்தான் இருக்கிறது.

குவாடு வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது பதிவைப் பற்றி. நம் நாட்டில் விற்கும் பல குவாடுகள் பொதுச் சாலையில் ஓடப் பதிவு பெறாதவை. வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே சாலை குறுக்கிட்டால், அந்த இருபதடியே சட்டப்படி தடையாகும்.

மலை? 2668 அடி உயரமுள்ள அம்மலை காப்புக்காடு. பொழுதுபோக்குக்காக வண்டி ஏற்றும் இடமன்று. சட்டத்தை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பார்த்தாலும் காரணம் விளங்கும். ஒரே தடத்தில் சில முறை சக்கரம் போனால் புல் அறுந்து பள்ளமாகும். அடுத்த மழையில் அது வாய்க்காலாகும். நீர் மண்ணை அரித்துக்கொண்டு கீழே பாயும். ஒரு காலத்தில் மொட்டையாக நின்ற அந்தச் சரிவுகளில், கடந்த சில பத்தாண்டுகளாகக் கன்றுகளைச் சுமந்து ஏறி நட்டு வளர்த்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில் மலையின் நகர்ப் பக்கச் சரிவு சரிந்து வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அதற்குச் சக்கரம் காரணமன்று, பெருமழையே காரணம். ஆனால் நீர் ஊறிய சரிவு எத்தகையது என்பதை அந்த ஊர் கண்டுவிட்டது. கார்த்திகைத் தீபத்துக்கான கொப்பரை இன்றும் ஆட்களின் தோளில்தான் உச்சிக்குப் போகிறது.