சோவ்ரீசோ: பேருல உப்பு, நிறத்துல மிளகாய்

ஸ்பெயினோட வடமேற்கு மூலையில இருக்கற கலீசியா மழை பூமி. அங்க வெயிலை நம்பிக் கறி காயப்போட்டா பூஞ்சணம்தான் மிஞ்சும். அதனால நவம்பர் 11, சான் மார்த்திஞோ திருநாளையொட்டிக் குளிர் இறங்கினதும் பன்றி அடிப்பாங்க. கறியைக் கொத்தி, உப்பு, பூண்டு, மிளகாய்த்தூள் போட்டுப் பிசைஞ்சு ஊறவெச்சு, கழுவின குடல்ல அடைச்சு, அடுப்புக்கு மேல தொங்கவிடுவாங்க. அங்க வெயிலோட வேலையைப் புகை பார்க்குது. இந்த சாசேஜுக்குப் பேரு ‘சோவ்ரீசோ’. வெங்காயம் சேர்த்தா ‘செபோலெய்ரோ’. அது பானையில போட்டு வேகவைக்க.

ஸ்பானிய மொழியில ‘சோரீசோ’ன்னு ஓகாரத்தோட முடிஞ்சுடுது. கலீசியத்துல மட்டும் அந்த ‘ஓவ்’ எங்கிருந்து வந்துச்சு? லத்தீன்ல ‘அல்’னு இருந்தது பல சொல்லுல ‘ஓவ்’ ஆயிருக்கு. மற்றதுன்னு பொருள்படற ‘அல்தெர்’ அங்க ‘ஓவ்த்ரோ’, ஸ்பானியத்துல ‘ஓத்ரோ’. அதே தடத்துல பின்னால போனா ‘சல்சீசியம்’, அதாவது உப்பிட்டது. சொல்லாராய்ச்சிக்காரங்க எல்லாரும் இதை ஒத்துக்கலை. நடுவுல வர்ற ‘ர’ இடிக்குதுங்கறாங்க. ஆனாலும் அதிகம் பேர் கைகாட்டறது இந்த வேரைத்தான். எங்க பக்கம் உப்புக்கண்டம்னு சொல்றோமே, அதே கணக்குன்னுதான் எனக்கும் படுது. கறியைக் காப்பாத்தினது எதுவோ அது பேருல நின்னுடுச்சு.

(ஸ்பானியக் கொச்சையில திருடனுக்கும் ‘சோரீசோ’ன்னு பேரு. அது வேற குடும்பம். நாடோடி ரோமா மக்கள் வழியா வந்தது. அடியில இருக்கறது சமஸ்கிருத ‘சோர’. நம்ம ‘சோரன்’தான்!)

இன்னிக்குக் கடையில சிவப்பைப் பார்த்துத்தான் வாங்கறாங்க. ஆனா 1492-ல கொலம்பஸ் கடல் தாண்டினதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல மிளகாயே கிடையாது. புதுக் காய்க்குப் பேரு வேணுமே? கலீசியத்துல மிளகு ‘பெமென்தா’. கடைசி எழுத்தை மாத்தி மிளகாயை ‘பெமென்தோ’ன்னாங்க. நாமளும் மிளகுல இருந்துதானே மிளகாயை எடுத்தோம்! அமெரிக்கச் செடி ரெண்டு ஊர்லயும் மிளகு வீட்டு வாசல்லதான் வந்து நின்னிருக்கு.

கலீசியத்தோட உடன்பிறப்பு போர்ச்சுகீசியம். 1510-ல அவங்க கோவாவைப் பிடிச்சாங்க. பின்னாலயே இந்தச் சொல்லும் வந்து, கொங்கணி வாயில ‘சோரீஸ்’ ஆச்சு. அங்க புளிப்புக்குக் கள்ளுக் காடி, காரத்துக்கு மிளகாய். வெயிலும் தாராளம். மழை இறங்கறதுக்கு முன்னாடி காயவெச்சு, மழைக்காலத்துக்குன்னு எடுத்து வைப்பாங்க.