பள்ளி விலக்கிய மொழியும் பிடில் காத்த பாட்டும்

ஒரு மொழியின் வாழ்வைப் பள்ளியும் ஆட்சியும் மட்டுமே முடிவு செய்வதில்லை. ஏட்டில் இடம் மறுக்கப்பட்ட மொழி, மக்கள் கூடி ஆடும் களத்தில் தங்கிப் பிழைப்பதும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலமான லூயிசியானாவில் வாழும் கேஜன் மக்களின் ‘ஜோலி பிளாண்ட்’ என்னும் ஆடற்பாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ‘அழகிய பொற்கூந்தலாள்’ என்பது அப்பெயரின் பொருள்.

கேஜன் மக்களின் முன்னோர், கனடாவின் கீழைக் கடற்கரையில் அகேடியா என்னும் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்கள். 1755இல் ஆங்கிலேயர் அவர்தம் நிலங்களைப் பறித்து, அவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினர். பல இடங்களில் அலைந்தோரில் ஒரு பகுதியினர் 1760களில் லூயிசியானாவை அடைந்தனர். 1785இல் பிரான்சிலிருந்து 7 கப்பல்களில் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். ‘அகேடியர்’ என்ற பெயரே நாளடைவில் ‘கேஜன்’ எனத் திரிந்தது.

அவர்களுடைய ஆடல் வீடுகளிலேயே நிகழ்ந்தது. கூடத்துப் பொருள்களை அகற்றி இடம் செய்வர். குழந்தைகளை உள்ளறையில் உறங்க வைப்பர். பிடில் ஒலிக்க இரவெல்லாம் ஆடுவர். இரு பிடில்கள் சேரும்போது ஒன்று மெட்டை நடத்தும். மற்றொன்று தாளத்தைத் தாங்கித் துணை நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் வந்த பொத்தான் அக்கார்டியன் உரத்த ஒலியால் முன்னிடத்தைப் பற்றிக்கொண்டது. அதன் சுருதிக்கு இணங்கப் பிடிலின் தந்திகளையும் தளர்த்திக்கொள்ள நேர்ந்தது.

பிரிந்து சென்ற காதலியை எண்ணி ஒருவன் வருந்தும் இப்பாட்டு, மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் நடையில் அமைந்தது. 1929இல் அட்லாண்டா நகரில் அமேதே பிரோ தம் உடன்பிறந்தார் ஓஃபி, கிளியோமா ஆகியோருடன் இதனை இசைத்தட்டில் பதிவு செய்தார். அத்தட்டு ‘என் பொற்கூந்தலாள் போய்விட்டாள்’ என்னும் பெயருடன் வெளிவந்தது.

அதே காலத்தில் அம்மொழிக்கு நேர்ந்தது வேறு. 1921ஆம் ஆண்டின் மாநில அரசியல் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. பள்ளியில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். பெற்றோரும் தம் மொழியை மக்களுக்குக் கற்பிக்க அஞ்சினர். பகலில் நாணி மறைத்த மொழியைச் சனிக்கிழமை இரவில் அவர்கள் வாய்விட்டுப் பாடினர்.

1930களில் ஒலிபெருக்கி வந்தபோது பிடில் தன் பழைய இடத்தை மீட்டது. லூடரின் டார்போன் என்னும் பிடில் கலைஞரின் ஹாக்பெரி ராம்பிளர்ஸ் குழு, மின்வசதியில்லாத ஊர்களில் மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கொண்டு ஒலிபெருக்கியை இயக்கியது. 1936இல் ‘ஜோலி பிளாண்ட்’டையும் பதிவு செய்தது. பின்னர் 1946இல் ஹாரி சோட்ஸ் தம் பிடிலை முன்னிறுத்தி, பிரெஞ்சிலேயே பாடி வெளியிட்ட தட்டு அமெரிக்கா எங்கும் புகழ் பெற்றது. ஆயினும் அக்கலைஞர் 1951இல், தம் 28ஆம் வயதில், டெக்சாசின் ஆஸ்டின் நகரச் சிறையில் உயிர் நீத்தார்.

1958இல் வேலன் ஜென்னிங்ஸ் தம் முதல் இசைத்தட்டுக்கு இப்பாட்டைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. சோட்சின் தட்டைக் கேட்டு ஒலிகளை மட்டும் பற்றிக்கொண்டு பாடினார். பாட்டு பரந்தது; பொருள் உதிர்ந்தது. புகழின் இந்த மறுபக்கமும் எண்ணத்தக்கது.

பிரெஞ்சு மொழி வளர்ச்சிக்கென லூயிசியானா அரசு 1968இல் ஒரு மன்றம் நிறுவியது. அதற்குள் ஒரு தலைமுறையே தாய்மொழியை இழந்திருந்தது. இன்றும் கேஜன் மக்கள் ‘ஜோலி பிளாண்ட்’டைத் தம் நாட்டுப்பண் போலப் போற்றுகின்றனர். ஒரு மொழியின் ஓசையைப் பாட்டு நெடுநாள் காக்க வல்லது. அதன் பொருளைக் காப்பதோ, அம்மொழியை அன்றாடம் பேசும் நாவே.