யானை வேட்டையும் துவக்குத் தெரிவும்

1840ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்திறங்கியபோது, யானை வேட்டையிற் பேர்பெற்றோர் பலர் இத்தீவில் இருந்தனர். அவருள் தலையாயவராக எண்ணப்பட்ட மேஜர் றோஜர்ஸ், 1,400க்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர் எனப் பேசப்பட்டவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். ஆயினும் அக்கால வேட்டைக்காரர் கையிற் குழலினுள்ளே சுரி வெட்டிய றைபிள் துவக்கைக் காண்பது அரிது. சுரியில்லாத இரட்டைக்குழற் பறவைத் துவக்கிலே மருந்தை இரு மடங்காக இட்டு, வன்மையேற்றிய ஈயக்குண்டு ஒன்றைத் திணித்துக்கொண்டு யானைக்கு எதிரே சென்றனர்.

இத்தகைய கருவி எவ்வாறு போதுமாயிற்று என நேயர் வியக்கலாம். அடர்ந்த காட்டிலே யானை கண்ணுக்குப் புலப்படுவதே பத்துப் பதினைந்து யார் தூரத்திலேதான். அவ்வளவு அண்மையிற் குறியின் நுட்பம் பெரிதன்று. மேலும், பாய்ந்து வரும் இலங்கை யானையின் நெற்றியில் உரிய இடத்தில் விழுந்த குண்டு மூளையை எட்டியது. பேக்கர் இதனை மறுத்தாரல்லர். எனினும் மூளையைத் தவறினாற் பின் என்ன நேரும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். காயமுற்ற விலங்கு காட்டினுள்ளே நாட்கணக்காகத் துன்புறும். அன்றேற் சுட்டவனை மிதித்துக் கொல்லும்.

கருமருந்தின் இயல்பே இச்சிக்கலின் வேர். மருந்தை எவ்வளவு கூட்டினாலும் குண்டின் வேகம் ஓரளவுக்குமேல் ஏறாது. ஆகவே அடியின் வலுவைப் பெருக்க வழி ஒன்றே: குண்டின் நிறையைக் கூட்டுதல். குழலின் அளவும் நிறையாலேயே குறிக்கப்பட்டது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பத்து ஒத்த உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று செல்லும் குழல் பத்தாம் இலக்கக் குழல். இலக்கம் குறையக் குறையக் குண்டு பெரிதாகும். குண்டு பெரிதாகத் துவக்கும் பாரமாகும்.

பேக்கரின் பெரிய துவக்கு 1840இற் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் செய்தது. நிறை 21 இறாத்தல்; குழல் 36 அங்குலம்; உள்ளே இரண்டே சுரிகள். நான்கு அவுன்ஸ் குண்டும் ஓர் அவுன்ஸ் மருந்தும் கொண்டது. இதனோடு 16 இறாத்தல் நிறையுள்ள இரண்டு அவுன்ஸ் துவக்கு ஒன்றும், பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள்கள் நான்கும் அவருடன் சென்றன. ஆக மொத்தம் பத்து வேட்டுக்கள். வாய்வழியே மருந்திடும் அக்காலத்துத் துவக்கை யானையின் எதிரே நின்று மீண்டும் நிரப்புதல் இயலாத காரியம். எனவே வெறுமையான துவக்கை வாங்கி நிறைந்ததை நீட்டும் ஏவலாளரும் அப்படைக்கலத்தின் ஓர் உறுப்பே ஆயினர். நிரப்பிய துவக்குகளோடு அவர்கள் ஓட்டமெடுத்த நிகழ்ச்சிகளைப் பேக்கர் தம் நூலில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை குறை கூறுகிறார். கூலிக்காகப் பாரம் சுமந்தவன், கையிலுள்ள துவக்கைச் சுட உரிமையற்றவன், ஓடியதில் வியப்பொன்றுமில்லை.

அரசாங்கமும் அந்நாளிற் பயிரழிக்கும் விலங்கென்று யானையின் தலைக்குப் பரிசளித்தது. 1848க்கு முற்பட்ட மூன்று ஆண்டுகளுள் வடபகுதியில் 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார்.

1855இல் இலங்கையை விட்டகன்ற பேக்கர், 1861இல் நைல் நதியின் கிளையாறுகளை நாடிச் சென்றார். இங்கே கற்ற பாடம் அங்கே பொய்த்தது. ஆபிரிக்க யானை தலையை உயர்த்திப் பாய்கிறது. அதன் மண்டையின் அமைப்பும் வேறு. இலங்கையில் உயிர் குடித்த நெற்றிக் குறி அங்கே மீண்டும் மீண்டும் பயனற்றுப் போயிற்று. அரை இறாத்தல் வெடிகுண்டு எறியும் துவக்கொன்றையும் அவர் கொண்டுசென்றிருந்தார். அராபியர் அதனைப் பீரங்கியின் பிள்ளை என்றழைத்தனர். சுட்டவரையே சுழற்றிவிடும் அதன் உதைப்புக்கு அஞ்சி, அவர் அதனை அரிதாகவே கையில் எடுத்தார். பாரத்தைக் கூட்டிக் கூட்டிச் சென்ற வழி அதனோடு முடிவெல்லைக்கு வந்துவிட்டது எனலாம்.

1884இற் பிரான்சிய இரசாயன அறிஞர் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். சிறு குண்டையும் விநாடிக்கு 2,000 அடிக்கு மேற்பட்ட வேகத்திற் செலுத்த அது வழிசெய்தது. 1898இல் இலண்டனிலுள்ள றிக்பி நிறுவனம் .450 அங்குலத் தோட்டாவை வெளியிட்டது. வேடிக்கை யாதெனில், அதே அளவான படைத்துவக்குகள் கலகக்காரர் கைப்படலாம் என்றஞ்சி இந்திய அரசு அவ்வளவைத் தடைசெய்ய, துவக்குச் செய்வோர் .470, .465 எனச் சிறிது மாற்றி விற்கலாயினர். வேட்டைக்காரன் தெரிவை யானை மட்டுமன்றி அரசியலும் வகுத்தது! இலங்கையிலோ 1891இலேயே யானையை வீணே கொல்வதைத் தடுக்கும் சட்டம் பிறந்துவிட்டது. புதிய தோட்டாவின் வலுவை ஆபிரிக்க யானைகளே மிகுதியும் அறிந்தன.

அங்கே ஸ்கொத்லாந்தினரான பெல் என்பவர் 7 மில்லிமீற்றர் மவுசர் றைபிளையே பெரிதும் நம்பினார். அதன் குண்டு 173 கிறெயின். பேக்கரின் நான்கு அவுன்ஸ் குண்டில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. ஸ்பெயின் நாட்டுப் படைவீரனுக்காக 1893இல் ஏற்கப்பட்ட தோட்டா அது. யானை மண்டையை அறுத்து மூளை கிடக்கும் இடத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் கற்றறிந்த பின்னரே அவர் அதனை ஆண்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், பெரும்பாலானவற்றை அச்சிறு குண்டினாலேயே வீழ்த்தினார். அக்கல்வியும் அமைதியும் இல்லாதார் கையில் அதே துவக்கு காயப்படுத்துவதற்கே உதவிற்று. பின்னாளிற் கிழக்காபிரிக்க நாடுகள் சிலவற்றிற் பெருவிலங்குகளுக்கு .375 அங்குலத்திற் குறைந்த குழல் ஆகாதென விதி வகுத்தனர். பெல்லின் துவக்கு அவ்விதியின்படி மான் முதலியவற்றுக்கே உரியது.