அண்டைத் துறை தரும் பாடம்: துப்பாக்கி சுடுதலில் பல்துறைப் பயிற்சியின் வரலாறு

1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலுக்கு ஐந்து போட்டிகள் இருந்தன. 300 மீட்டர் ரைபிளில் ஜார்ஜியோஸ் ஒர்பனிதிஸ் முதலிடமும் ஐயோன்னிஸ் பிராங்கூதிஸ் இரண்டாமிடமும் பெற்றார்கள். 25 மீட்டர் விரைவுப் பிஸ்டலில் அதே இருவர் இடம் மாறி நின்றார்கள்: பிராங்கூதிஸ் முதலிடம், ஒர்பனிதிஸ் இரண்டாமிடம். அந்த ரைபிள் போட்டியில் மூன்றாவதாக வந்த டென்மார்க்கின் விக்கோ ஜென்சன் அதே ஏதென்ஸில் பளுதூக்குதலிலும் தங்கம் வென்றவர். ரைபிள்காரர், பிஸ்டல்காரர் என்ற பிரிவினை அன்று யார் மனத்திலும் உறுதிப்பட்டிருக்கவில்லை. நல்ல கையும் நல்ல கண்ணும் உள்ளவர் எந்தத் துப்பாக்கியையும் எடுத்துச் சுடலாம் என்பதே வழக்கம்.

அந்த வழக்கம் ஏன் மறைந்தது, மறைந்த பின்னும் அதன் பயன் ஏன் அழியவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துறைகளுக்கு இடையே சுவர் எழுப்பியவை கருவிகளும் விதிநூல்களும்தாம். தன் துறையை ஒட்டிய இன்னொரு துறையிலும் பழகியவர்கள், சொந்தத் துறை மறைத்து வைத்திருந்த குறைகளை அங்கே கண்டுகொண்டார்கள்.

பழைய வழக்கத்தின் உச்சத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் வில்லிஸ் லீ சான்று. 1907-இல், 19 வயதில், தேசிய ரைபிள் பட்டம், பிஸ்டல் பட்டம் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் சுடுதலுக்கு மட்டும் 21 போட்டிகள் இருந்தன. லீ அங்கே ரைபிள் குழுப் போட்டிகளில் ஏழு பதக்கங்கள் பெற்றார். அவற்றில் ஐந்து தங்கம். படுத்துச் சுடுவது, நின்று சுடுவது, 300 மீட்டர், 600 மீட்டர், ஓடும் மான் உருவம் என ஒவ்வொன்றும் வேறுவகைச் சோதனை.

அதன்பின் களம் சுருங்கியது. 1928-இல் சுடுதலே இல்லை. 1932-இல் இரண்டே போட்டிகள். போருக்குப் பின் மெல்ல விரிந்தபோது ஒவ்வொரு போட்டியும் தனக்கென ஒரு கருவியோடு வந்தது. 50 மீட்டர் பிஸ்டலின் கைப்பிடி சுடுபவரின் கையை முழுக்கச் சூழும்படி செதுக்கப்பட்டது. அதன் விசைக்கு எடை வரம்பே கிடையாது, விரல் பட்டாலே போதும். விரைவுப் பிஸ்டலோ அதிர்வு குறைந்த குட்டைத் தோட்டாவுக்கென வடிவெடுத்தது. ஒன்றுக்குச் செய்த துப்பாக்கி இன்னொன்றுக்கு உதவாமல் போக, சுடுபவரும் கருவியோடு சேர்ந்து ஒரே துறைக்குள் அடைபட்டார்.

ஆனால் அமெரிக்கப் பிஸ்டல் மரபு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அங்கே ஒரே வீரர் .22, மையவெடித் தோட்டா, .45 என மூன்று துப்பாக்கிகளாலும் சுடுகிறார். துப்பாக்கிக்கு 900 வீதம் மொத்தம் 2700 புள்ளிகள். பத்து நிமிடத்தில் பத்துக் குண்டுகள் சுடும் நிதானப் பகுதியும், பத்து வினாடியில் ஐந்து குண்டுகள் சுடும் விரைவுப் பகுதியும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உண்டு. .45-இன் உதைப்புக்கு அஞ்சி விசையைச் சட்டென்று இழுக்கும் பழக்கம் ஒருவருக்கு இருந்தால், உதைப்பு மிகக் குறைந்த .22 அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். பல்துறைப் பயிற்சியைத் தனி உபதேசமாக வைக்காமல் மதிப்பெண் முறைக்குள்ளேயே பொதிந்து வைத்த ஏற்பாடு இது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

1984-இல் ஒலிம்பிக்குக்குள் வந்த ஏர் ரைபிள் இன்னொரு வகை ஆசிரியர். அதன் குண்டு நெருப்புத் தோட்டாவைவிட மெதுவாகக் குழலைக் கடக்கிறது. விசை விழுந்தபின் கணநேரம் உடல் அசைந்தாலும் அந்த அசைவு இலக்கில் பதிந்துவிடும். பத்தாம் வளையமோ வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. சுட்டு முடித்த பின்னும் குறியை விட்டு அகலாமல் நிற்கும் பொறுமையை 50 மீட்டர் ரைபிள்காரர் இங்கே கற்கிறார். இத்தாலியின் நிக்கோலோ கம்ப்ரியானி 2016 ரியோவில் இந்த இரண்டிலும் தங்கம் வென்றார். பிஸ்டலில் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2012-இல் 10 மீட்டர், 50 மீட்டர் இரண்டையும் வென்றார்.

பல்துறைப் பயிற்சிக்கு வலுவான சான்று ஷாட்கன் களத்தில் கிடைக்கிறது. கிம் ரோட் 1996 அட்லாண்டாவில், 17 வயதில், மகளிர் டபுள் டிராப் தங்கத்தை வென்றார். 2000-இல் வெண்கலம், 2004-இல் மறுபடி தங்கம். 2004-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் மகளிர் டபுள் டிராப் நீக்கப்பட்டது. ஒரே போட்டியை நம்பியிருந்தவருக்கு அது முடிவாக இருந்திருக்கும். ரோட் ஸ்கீட்டுக்கு மாறினார். 2008-இல் வெள்ளி, 2012-இல் பறக்கும் 100 களிமண் தட்டுகளில் 99-ஐ உடைத்துத் தங்கம், 2016-இல் வெண்கலம். ஆக, ஆறு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தனிநபர் பதக்கம்.

இந்த மாற்றம் எப்படிச் சாத்தியமானது என்பதே இங்கே முக்கியம். டபுள் டிராப்பில் இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் முன்னோக்கி விலகிப் பறக்கும்; துப்பாக்கியை முன்கூட்டியே தோளில் பொருத்திக்கொள்ளலாம். ஸ்கீட்டில் தட்டுகள் இருபக்கக் கூடுகளிலிருந்தும் குறுக்காக வரும். அழைத்த பின் தட்டு எப்போது வெளிவரும் என்று தெரியாது. மூன்று வினாடி வரை தாமதமாகலாம். அதுவரை துப்பாக்கியின் அடிக்கட்டை இடுப்பருகே நிற்க வேண்டும். தோளுக்கு ஏற்றும் அசைவு ஸ்கீட்டுக்கே உரியது. முதல் தட்டை உடைத்த கணத்தில் கண்ணை இரண்டாவதற்குத் திருப்பும் வேகம் இரண்டுக்கும் பொது. ரோட் 2004 ஏதென்ஸிலேயே டபுள் டிராப்போடு ஸ்கீட்டிலும் களமிறங்கியிருந்தார். ஆகவே கதவு அடைபட்ட நாளில் அடுத்த அறை அவருக்குப் புதிதாக இருக்கவில்லை. 2012-இல் டிராப்பிலும் போட்டியிட்டார்.

எல்லாத் துறையும் எல்லாத் துறைக்கும் உதவும் என்று இதிலிருந்து கொள்ளக்கூடாது. ரைபிள்காரர் பார்வையை முன்குறியில் நிறுத்தி விசையை மெல்ல அழுத்துகிறார். ஷாட்கன்காரர் இரு கண்ணும் திறந்து பறக்கும் தட்டையே பார்த்து, குழலின் ஓட்டம் நிற்காமல் விசையைத் தட்டுகிறார். ஒன்றின் பழக்கம் மற்றதில் குற்றம். ரைபிள்காரர் ஷாட்கன் சுட்டால் மகிழ்ச்சி கிடைக்கலாம். மதிப்பெண் கூடும் என்று நான் நம்பவில்லை. பயன் தருவது அண்டைத் துறைதான்: வேர் ஒன்றாகவும் வேகமோ நிலையோ மட்டும் வேறாகவும் இருப்பது.

ஒரே துறையை நம்பியிருக்கலாமா என்ற கேள்வியை இந்திய அனுபவம் வலியோடு முன்வைக்கிறது. பிகானேரின் கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் பங்கேற்றவர்; டிராப், ஸ்கீட் இரண்டிலும் சுட்டவர். 2004-இல் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் டபுள் டிராப்பில் வெள்ளி வென்றபின் அந்தத் துறைக்கு இங்கே தனி மதிப்பு வந்தது. ஆனால் 2016-க்குப் பிறகு ஆடவர் டபுள் டிராப்பும் ஒலிம்பிக்கிலிருந்து நீங்கியது. 2018-இல் சாங்வோனில் அங்கூர் மிட்டல் அத்துறையின் உலகச் சாம்பியன் ஆனபோது, அவர் வென்ற போட்டிக்கு ஒலிம்பிக்கில் இடமே இல்லை. 50 மீட்டர் பிஸ்டலும் படுத்துச் சுடும் 50 மீட்டர் ரைபிளும் டபுள் டிராப்போடு சேர்ந்தே நீங்கியிருந்தன.

மறுபுறம், 2005-இல் விரைவுப் பிஸ்டலின் விதி மாறியது. குட்டைத் தோட்டா விலக்கப்பட்டு, விசைக்குக் குறைந்தது 1000 கிராம் எடை விதிக்கப்பட்டது. 25 மீட்டர் மகளிர் பிஸ்டலுக்குரிய துப்பாக்கியே இதற்கும் பொருந்தும் என்றானது. கருவி எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை விதியே இடித்துவிட்டது.

மகளிருக்கான அந்த 25 மீட்டர் போட்டியே இரு துறைகளின் சேர்க்கைதான். ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம் என நிதானமாக 30 குண்டுகள். பிறகு மூன்று வினாடி மட்டும் இலக்கு தெரிய, ஒவ்வொரு முறையும் கையைத் தாழ்விலிருந்து உயர்த்தி 30 குண்டுகள். ஏர் பிஸ்டலில் வளர்ந்தவருக்கு முதல் பாதி பழகியது, இரண்டாம் பாதி அந்நியமானது. 2024 பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற மனு பாக்கர், சில நாள் கழித்து இந்தப் போட்டிக்கு வந்தார். தகுதிச் சுற்றில் 590 புள்ளிகளோடு இரண்டாமிடம், இறுதியில் நான்காமிடம். அந்த 590-ஐப் பிரித்துப் பார்த்தால் நிதானப் பகுதியில் 294, விரைவுப் பகுதியில் 296.