பெயரும் பணியும்: கிளையுரு உயிரணுவின் வரலாறு



நம்மில் பலருக்கு மேற்கையில் ஒரு சிறு தழும்பு உண்டு. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. விட்டுச்சென்ற சுவடு அது. தோலுக்குள் இடப்படும் அம்மருந்தின் செய்தியை உடலுக்கு எடுத்துரைப்பது யார்? இவ்வினாவின் வரலாற்றில் பெயரிடுதலுக்கும் பங்குண்டு. மொழியியல் பயின்ற நான் இதைப் பேச முற்பட்டது அதனால்தான்.

1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், மனிதத் தோலில் கிளை விரித்த உயிரணுக்களைக் கண்டார். கிளைகள் இருந்தமையால் அவற்றை நரம்பு சார்ந்தவை எனக் கருதினார். வடிவம் பணியை மறைத்துவிட்டது.

1973இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கிளைத்த உயிரணுக்களை இனங்கண்டனர். மரம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்குப் பெயரிட்டனர். இதுவும் வடிவப் பெயரே. ஆயினும் ஸ்டைன்மன் பெயரோடு நில்லாமல் பணியையும் தேடினார். இவ்வுயிரணுக்கள் கிருமியை விழுங்கி, அதன் துணுக்குகளை ஏந்தி, நிணநீர்க் கணுவுக்குச் சென்று டி உயிரணுக்களுக்குக் காட்டுகின்றன. அங்கே பயிற்சி பெறும் டி உயிரணுக்களில் சில நெடுங்காலம் நினைவு காக்கின்றன. லாங்கர்ஹான்ஸ் கண்டவையும் இத்தகைய தூதர்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2011இல் ஸ்டைன்மனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னரே அவர் மறைந்திருந்தார்.

காசநோய்க் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. குருதியில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் அதனை எளிதில் எட்டா. எனவே டி உயிரணுக்கள் வழிவரும் எதிர்ப்பாற்றலே இங்கு முதன்மையானது. அதனை எழுப்புவது எளிது; நிலைக்கச் செய்வதே அரிது.

இதனை உலகுக்கு உணர்த்தியது தமிழ்நாடு. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. 2,80,000க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அத்தடுப்பூசி காப்பளிக்கவில்லை என்பதே. எதிர்பாராத அம்முடிவை ஆய்வாளர் மறைக்காது வெளியிட்டனர். எனினும் குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளையுறை அழற்சி போன்ற கொடிய வடிவங்களைப் பி.சி.ஜி. தடுப்பது வேறு ஆய்வுகளால் உறுதியாயிற்று. அதனாலேயே இன்றும் பிறந்த குழந்தைக்கு அதனை இடுகிறோம்.

பெரியவர்களைக் காக்கும் தடுப்பூசியைத் தேடுவோருக்குத் தூதரை எவ்வாறு தூண்டுவது என்பது முதன்மையான வினாக்களுள் ஒன்று. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கிளையுரு உயிரணு என்ற கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது, அது தூது செல்வது என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள். வடிவத்தோடு நின்ற அறிவு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. நம் மாணவர் அவ்வாறு காத்திருத்தல் வேண்டா.